திங்கட்கிழமை டப்பா

எங்கள் முதலாளி ஜெகநாதன் நல்ல மனுஷர். அதுதான் பிரச்சினையே. கெட்ட முதலாளியாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இவர் எங்களுக்கு உற்சாகமூட்டக் கிளம்பிவிடுவார். அப்புறம் அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைவலிதான்.

செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் எங்களுடையது சின்னத் தொழிற்சாலை. மருந்துக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்கிறோம். இருமல் மருந்தோ பேதி மாத்திரையோ, அது உட்காருகிற பெட்டி எங்களுடையது. ஒரு பக்கம் அச்சடிப்பு, ஒரு பக்கம் வெட்டு, ஒரு பக்கம் ஒட்டு. இந்த மூன்றுக்கும் நடுவில் கத்திக்கொண்டு திரிகிற சூப்பர்வைசர் நான், பாமா. அப்பாவின் அப்பா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். தமிழ், தெலுங்கு, உருது மூன்றிலும் எனக்குக் கோபம் வரும். என் குரல் கட்டிங் மிஷினைவிடப் பெரிது என்று பேசிக்கொள்வார்கள். மிஷினை அணைத்துவிட்டுப் பேசினால் என் காதிலும் விழும் என்பது அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

முதலாளி ஒரு தடவை கச்சிபௌலியில் ஏதோ பெரிய ஹோட்டலில் நடந்த பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். மறுநாள் காலை எங்களை வட்டமாக நிற்கவைத்து, கைதட்டியபடி "இது என் நாள்" என்று கத்தச் சொன்னார். அச்சு மிஷின் பார்க்கிற அப்துல் காதர் பாய், "சரி சார், என் நாள்னா நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். அது அன்றோடு நின்றது. அப்புறம் மாதத்தின் சிறந்த ஊழியர் என்று ஒரு பையன் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். அடுத்த மாதமே அவன் வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டான். படம் மட்டும் ஒழுங்காக வேலைக்கு வந்தது. அதற்கும் அப்புறம் ஒரு மூலையில் உட்கார்ந்தால் அமிழ்ந்துபோகிற மூட்டை நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டு, மனம் சோர்ந்தவர்கள் இங்கே இளைப்பாறலாம் என்றார். அதில் ஒரு பூனை குட்டி போட்டது.

இத்தனைக்கும் எங்களுக்கு இருந்த வியாதி ஒன்றே ஒன்றுதான். திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், காதுகுத்து, கறிச்சோறு, குடி என்று எதையாவது முடித்துவிட்டு மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். போன் செய்தால் வயிறு சரியில்லை என்பார்கள். அப்படி ஒரு திங்கட்கிழமை மருந்துக் கம்பெனி லாரி வாசலில் வந்து நிற்கிறது, ஒட்டுவதற்கு ஆளில்லை. முதலாளியும் நானும் உட்கார்ந்து பெட்டி ஒட்டினோம். மத்தியானம் ஒரு வாய் சாப்பிட நேரமில்லை. மறுநாள் எல்லாரும் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த வார்த்தை.

"நீங்க வராம நாங்க பட்டினி கெடந்தோம். இனிமே திங்கக்கிழமை ஒருத்தரும் தனக்குச் சோறு கட்டிட்டு வரக்கூடாது. இன்னொருத்தருக்குத்தான் கட்டிட்டு வரணும். நீங்க வரலேன்னா அவங்க பட்டினி. அப்பத் தெரியும்!"

கோபத்தில் கத்தியதுதான். ஆனால் முதலாளி முகத்தில் பல்பு எரிந்துவிட்டது. கச்சிபௌலியில் கோட்டு போட்டவர் சொல்லாததை நான் சொல்லிவிட்டேனாம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் ஒரு பிஸ்கட் டின் சுற்றிவரும். அச்சுப் பிசகின பெட்டிகளைத் துண்டு துண்டாக வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் ஆளுக்கொரு பேர் எழுதிப் போட்டிருப்போம். கையை விட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். யார் பேர் வருகிறதோ அவருக்குத் திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாடு உன் வீட்டிலிருந்து. டின்னைச் சுமந்து வருவது ஒட்டுப் பிரிவில் இருக்கிற கனகவல்லி. என் வயதுக்காரி, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த புருஷனைப் பறிகொடுத்தவள், என் சத்தத்துக்கு அசையாத ஒரே ஆள்.

முதல் வாரம் இரண்டு பேர் அடுத்த வீட்டுச் சமையலைத் தொடமாட்டோம் என்றார்கள். தொட வேண்டாம், பார்த்துக்கொண்டே உட்காருங்கள் என்றேன். மூன்று மணிக்குத் தொட்டார்கள். போகப் போக யாருக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று எல்லாருக்கும் அத்துப்படி ஆனது. வராமல் போனவன் மறுநாள் வந்து, தன்னால் பட்டினி கிடந்தவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அதற்கு என் திட்டே தேவலை என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை தவறாமல் வந்தார்கள்.

எல்லாரும் ஏங்கிய டப்பா ஒன்று இருந்தது. எட்வின் வீட்டு டப்பா.

எட்வின் எங்கள் கட்டிங் மிஷின்காரன். மெட்டுகூடாவில் வீடு, கனகவல்லிக்கு அதே தெரு. வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். அவன் மனைவி ஸ்டெல்லா அதற்கு நேர் எதிர். சனிக்கிழமை எட்வின் கையில் யார் பேர் வந்ததோ அவருக்கு அன்று சாயங்காலமே போன் வரும். "எட்வின் வீட்டுலேருந்து பேசறேன். உங்களுக்கு என்ன பிடிக்கும்?" இதுதான் முதல் கேள்வி. அப்துல் காதர் பாய் ஆம்பூர்க்காரர், நாக்கு நீளம். அவருக்கு அவள் வைத்து அனுப்பிய மீன் குழம்பைப் பற்றி அவர் ரம்ஜான் வரைக்கும் பேசினார். என்னைக் கேட்டபோது புளி தூக்கலாக வத்தக்குழம்பு பிடிக்கும் என்றேன். கூடவே சுட்ட அப்பளம் நொறுங்காமல் தனிக் காகிதத்தில் வந்தது. அந்தத் திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மேல் நான் யாரையுமே திட்டவில்லையாம். இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் உட்கார்ந்து போனவள் திரும்பவில்லை. தொழிற்சாலையை மூடிவிட்டு எல்லாரும் போனோம். கல்லறையில் பெட்டியை இறக்குகிறபோது அப்துல் காதர் பாய் என் பக்கத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாமாம்மா, இந்தப் பொண்ணு முகத்தை இன்னிக்குத்தான் முதல்ல பார்க்கறேன்" என்றார். யோசித்துப் பார்த்தால் எங்களில் பலருக்கும் அப்படித்தான். கனகவல்லியைத் தவிர மற்றவர்களுக்கு அவள் குரலும் கைப்பக்குவமும்தான் தெரியும்.

எட்வின் சீட்டை நானே டின்னிலிருந்து எடுத்துவிட்டேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் யாருக்கோ சமைத்துக் கொண்டு வா என்று எந்த வாயால் சொல்வது? அவனுக்கும் சேர்த்துத் திங்கட்கிழமை நானே கட்டிக்கொண்டு போனேன். ஆனால் அவன் வரவில்லை. மற்ற நாள் வருவான், திங்கட்கிழமை மட்டும் வரமாட்டான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குடிக்கிறான் என்று கனகவல்லி சொன்னாள். அவன் வராவிட்டால் வெட்டு நிற்கும். வெட்டு நின்றால் ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. நான் கொண்டுபோன சோற்றை அந்தப் பூனைக்குப் போட்டுவிட்டு, பூனையைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கடைசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "பாமா, எனக்கும் மனசு கேக்கலை. ஆனா இன்னும் ஒரு திங்கக்கிழமை அவன் வராட்டா வேற ஆளைப் பார்க்கத்தான் வேணும். நீயே சொல்லிடு." நல்லவர்கள் இப்படித்தான், கசப்பு மருந்தை அடுத்தவர் கையில் கொடுத்து ஊட்டச் சொல்வார்கள்.

அந்தச் சனிக்கிழமை எட்வினிடம் சொன்னேன். திட்டாமல்தான் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். வேலை போனாலும் சரி என்கிற மாதிரி ஓர் ஆட்டல். 

கொஞ்ச நேரத்தில் டின் சுற்றி வந்தது. எல்லாரும் எடுத்து முடித்த பிறகு கனகவல்லி நேராக எட்வினிடம் போய் டின்னை நீட்டினாள். நான் முறைத்தேன்.

"எதுக்கு முறைக்கறே? அவன் இங்கதானே வேலை பாக்கறான்? அவன் பேரையும் நான் உள்ள போட்டாச்சு. எடு எட்வின்."

"எனக்குச் சமைக்க வராதுக்கா," என்றான்.

"எடு முதல்ல."

எடுத்தான். கனகவல்லி பேர்.

"அப்ப திங்கக்கிழமை நான் பட்டினி. பரவால்ல விடு," என்று சொல்லிவிட்டு டின்னை மூடிக்கொண்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை நான் வாசலிலேயே நின்றேன். மணி அடிக்கிற நேரத்துக்கு எட்வின் வந்தான். முகம் வீங்கியிருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. கையில் ஸ்டெல்லாவின் நீல மூடி டப்பா. விரலில் ஒரு தீக்காயம். நான் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சில நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பேன்.

மத்தியானம் கனகவல்லி டப்பாவை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். எல்லாருக்கும் ஒரு கண் அங்கேதான். வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று அப்துல் காதர் பாய் மெதுவாகக் கேட்டார்.

"என்னத்தைச் சொல்ல? அப்படியே ஸ்டெல்லா கைதான்."

எட்வின் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

அதற்கடுத்த திங்கட்கிழமையும் அவன் வந்தான். அதற்கடுத்ததும் வந்தான். ஒவ்வொரு முறையும் கனகவல்லிக்குத்தான் டப்பா. ஒவ்வொரு முறையும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, "ஸ்டெல்லா கைதான்" என்பாள். பக்கத்தில் போய் ஒரு வாய் கேட்டால் தரமாட்டாள். "என் பேருக்கு வந்தது, எனக்குத்தான்" என்று டப்பாவை மடியில் வைத்து மறைப்பாள்.

எங்கள் ஆட்கள் விடுவார்களா? மீன் குழம்பை இழந்தவர்கள் அவர்கள். ஸ்டெல்லா போவதற்கு முன்னால் புருஷனுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று நம்பிவிட்டார்கள். ஒட்டுப் பிரிவு லலிதா தெலுங்கில் முணுமுணுக்க ஆரம்பித்தாள். "எப்புடூ ஆமெகேனா?" எப்போதும் அவளுக்கேதானா என்று. அப்துல் காதர் பாய் வெளிப்படையாகவே கேட்டார். "சீட்டுல என்னமோ தில்லுமுல்லு இருக்கு பாமாம்மா. நமக்கு எப்பத்தான் வரும்?" அதற்கப்புறம் அச்சுப் பிரிவில் ஒருவன் வேறு மாதிரி பேசினான். ஒரே தெரு, அவளும் தனி ஆள், இவனும் தனி ஆள் என்று. அது முதலாளி காதுவரை போனது. சண்டை வருவதற்குள் டின்னைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று என்னைக் கேட்டார்.

எனக்கும் கோபம் வந்தது. நான் ஆரம்பித்து வைத்ததில் என் கண்ணெதிரிலேயே பித்தலாட்டமா? அடுத்த சனிக்கிழமை டின்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிடித்துவிட்டேன். கனகவல்லி தன் சீட்டை டின்னில் போடுவதே இல்லை. இடது கையில் மடக்கி வைத்திருப்பாள். எல்லாரும் எடுத்து முடித்து, எட்வினிடம் கடைசியில் போகிறபோது விரலை விரித்து உள்ளே விழவைப்பாள். மிஞ்சியிருப்பது அந்த ஒரு சீட்டுதான். அவன் வேறு எதை எடுப்பான்?

ஆட்கள் போனதும் அவளை நிறுத்தினேன். "வெக்கமா இல்லை உனக்கு? ஒரு டப்பா சோத்துக்குத் திருட்டுத்தனமா?"

அவள் கோபப்படவில்லை. "திங்கக்கிழமை மத்தியானம் என் பக்கத்துல வந்து உக்காரு. அப்புறமா திட்டு" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். சாம்பார் சாதம். ஒரு உருண்டை உருட்டி என் கையில் வைத்தாள். வாயில் போட்டேன். பருப்பு பல்லில் கடக்கென்று கடிபட்டது. உப்பு நாக்கில் இறங்கி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பப் போனேன். கனகவல்லி என் தொடையைக் கிள்ளினாள்.

"முழுங்கு. அவன் பாக்கறான்."

கட்டிங் மிஷின் பக்கத்திலிருந்து எட்வின் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். முழுங்கினேன்.

"இதையா இத்தனை வாரமா தின்னுட்டு இருக்கே?" என்றேன், எனக்குத் தெரிந்த சின்னக் குரலில்.

"உப்பைப் போட்டுட்டு, போட்டோமான்னு நெனப்பு இல்லாம இன்னொரு தடவை போடறான். நெனப்பு எங்கயோ இருக்கு, பாவம்."

"உனக்கு பிரஷர் இருக்கே! டாக்டர் உன்னை உப்பைக் கண்ணால பாக்காதேன்னு சொல்லலை?"

"வாரத்துல ஒரு வேளைதானே." அடுத்த உருண்டையை அவள் வாயில் போட்டுக்கொண்டாள். "பாமா, நீ அவனுக்குச் சோறு கட்டிட்டு வந்தே, அவன் வரலை. ஏன் தெரியுமா? அவனுக்குப் போட ஆளுங்க இருக்காங்க. சர்ச்சுல போடறாங்க, தெருவுல போடறாங்க. அவன் யாருக்கும் போட வேண்டியதா இல்லை. இப்ப ஞாயித்துக்கிழமை காலையில பையை எடுத்துட்டுக் காய் வாங்கப் போறான். என் வீட்டு ஜன்னல்லேருந்து பாக்கறேன். சாயந்திரம் அடுப்படியில லைட் எரியுது. குடிக்கிற நேரம் அது. அப்போ பாத்திரத்தைக் கருக்கிட்டு நிக்கறான்."

"சரி, மத்தவங்களுக்கும் ஒரு வாரம் போகட்டுமே?"

"போனா என்ன ஆகும்? அவங்க ஒரு வாய் வெச்சு மூஞ்சியைச் சுளிப்பாங்க. வேணும்னு இல்ல, தானா சுளிக்கும், உனக்கு இப்ப சுளிச்சுதே. அந்த ஒரு சுளிப்பு போதும் பாமா, அவன் மறுபடியும் பாட்டிலுக்குப் போயிடுவான்."

 இவளைப் போய்த் திருடி என்றேனே. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு நிற்கிற ஆள் நான் இல்லை. இன்னொரு உருண்டையை நானே எடுத்து முழுங்கினேன். அவள் பங்கு உப்பு அவ்வளவாவது குறையட்டும். முதலாளியிடம் போய், "சார், டின் இருக்கட்டும். நீங்க யாரையும் உற்சாகப்படுத்தாம சும்மா இருங்க" என்றேன். மனுஷர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

இப்படியே ஓடியது. எட்வின் ஒரு திங்கட்கிழமை தவறவில்லை. முகத்து வீக்கம் வடிந்தது. கனகவல்லியும் நானும்தான் பொய்யர்கள்; மற்றவர்கள் பொறாமைக்காரர்கள். அப்படியே இருந்திருக்கும். ஆனால் கனகவல்லியின் பெண் காஜிப்பேட்டையில் நிறைமாதமாக இருந்தாள். ஒரு திங்கட்கிழமை விடிந்ததும் கனகவல்லி ரயிலிலிருந்து போன் செய்தாள். பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது, கிளம்பிவிட்டேன் என்றாள். என்ன ஏது என்று நான் கேட்பதற்குள், "பாமா, அந்த டப்பாவை வேற யார் கையிலும் குடுத்துடாதே" என்றாள். பெற்ற பெண்ணுக்குப் பிரசவ வலி, இவளுக்கு டப்பா கவலை.

மத்தியானம் எட்வின் நீல மூடி டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒட்டுமேஜை பக்கத்தில் நின்றான். "கனகாக்கா வரலையா?"

நான் கையை நீட்டுவதற்குள் அப்துல் காதர் பாய் குறுக்கே வந்துவிட்டார்.

"அரே, அவங்க இல்லாட்டி இன்னிக்கு நமக்குத்தான்! எத்தனை மாசமா காத்துட்டு இருக்கோம்!"

"நக்கோ பாய், வேணாம்," என்றேன். "நான் சூப்பர்வைசர். எனக்குத்தான் வரணும்."

"அது எந்த ஊர் நியாயம்? மத்ததுல எல்லாம் அதட்டு, சோத்துல அதட்டாதே பாமாம்மா."

லலிதா வந்தாள். அச்சுப் பிரிவு ஆட்கள் வந்தார்கள். நான் டப்பாவை இழுத்தேன், பாய் ஒரு பக்கம் இழுத்தார், மூடி கழன்று எட்வின் கையில் போனது. உள்ளே தக்காளி சாதம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் குரலை வைத்துக்கொண்டு எத்தனையோ பேரை நிறுத்தியிருக்கிறேன், அன்றைக்கு ஒரு சத்தம் வரவில்லை. பாய் ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் தாடை ஒரு தடவை அசைந்தது. அப்புறம் நின்றது.

எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். நான் எட்வினைப் பார்த்தேன். அவன் அந்த நீல மூடியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஐந்தாறு மாதமாக ஒருத்தி உப்பைத் தின்று கட்டிக் காத்தது இந்த ஒரு நொடியில் போகப் போகிறது என்று நினைத்தேன். அப்துல் காதர் பாய் மனசில் பட்டதை மறைக்கத் தெரியாதவர். உப்புக் கம்மி என்று சொந்தச் சம்பந்தி வீட்டுப் பிரியாணியைப் பந்தியில் வைத்துச் சொன்னவர்.

பாய் நிமிர்ந்து எட்வினைப் பார்த்தார். அந்த மூடியைப் பார்த்தார். மென்றார். முழுங்கினார்.

"ஹவ், ஆமா," என்றார். குரல் கரகரத்தது. "ஸ்டெல்லாம்மா கையேதான்."

சொல்லிவிட்டு டப்பாவை லலிதாவிடம் நீட்டினார். நீட்டும்போது அவளை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். லலிதா ஒரு வாய் போட்டுக்கொண்டாள். கண் கலங்கியது, உப்போ வேறு ஏதோ. "ஸ்டெல்லா வண்டினட்டே உந்தி" என்றாள். ஸ்டெல்லா சமைத்தது போலவே இருக்கிறதாம். அடுத்தவன் எடுத்தான். அதற்கடுத்தவன் எடுத்தான். தப்பாகப் பேசின அந்த அச்சுப் பிரிவுக்காரனும் எடுத்தான். ஒருவன் முகமும் சுளிக்கவில்லை. ஒருவன் விடாமல் அதே வார்த்தையைச் சொன்னான். சத்தம் கேட்டு முதலாளியும் வெளியே வந்து கையை நீட்டினார். வாயில் போட்டவருக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே, "ரொம்ப நல்லாருக்கு எட்வின்," என்றார், "ரொம்ப, ரொம்ப..." அதற்கு மேல் முடியாமல் தண்ணீர் பாட்டிலுக்குக் கையை நீட்டினார்.

அவர் எடுத்ததும் பாய் ஒரு பாட்டிலை எடுத்தார். லலிதா எடுத்தாள். எல்லாரும் அண்ணாந்து மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார்கள்.

எட்வின் சிரித்துவிட்டான். மழைக்காலத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே மேஜை ஓரத்தில் உட்கார்ந்தான், அப்புறம் அது அழுகையாகிவிட்டது.

"எனக்குத் தெரியாதா?" என்றான். "சட்டியில மிச்சம் இருக்கறதை நான்தானே சாப்பிடறேன்."

பாய் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார்.

"முதல் நாளே தெரியும். கனகாக்கா வழிச்சுச் சாப்பிட்டுட்டு ஸ்டெல்லா கைன்னு சொன்னாங்க. வீட்டுக்குப் போய் மிச்சத்தை வாயில வெச்சா வைக்க முடியலை. இதையா தின்னாங்கன்னு ராத்திரி பூரா அழுதேன். எனக்காக இப்படி ஒரு பொய் சொல்லிட்டு ஒருத்தங்க உக்காந்திருக்காங்க. அவங்களைப் பட்டினி போட்டுட்டு நான் எங்க போய்க் குடிக்கறது?"

அப்துல் காதர் பாய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "சரி பேட்டா, சரி" என்றார். நான் போய் மிஷினைப் போட்டேன். ஓடட்டும், அந்தச் சத்தத்தில் யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.

சாயங்காலம் கனகவல்லி போன் செய்தாள். பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் பிள்ளையும் சுகம். அதைச் சொல்லி முடித்த மூச்சிலேயே, "டப்பாவை யார் சாப்பிட்டா?" என்றாள்.

"எல்லாரும்."

"ஐயையோ! அப்புறம்?"

"எல்லாரும் உன் பொய்யையே சொன்னாங்க கனகா. ஒருத்தர் பாக்கி இல்லை."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அந்த வாரம் சனிக்கிழமை அவள் இன்னும் திரும்பவில்லை. டின்னை நானே சுமந்தேன். எட்வினிடம் முதலில் போனேன். எல்லாச் சீட்டும் உள்ளே கிடக்க, நன்றாகக் குலுக்கி நீட்டினேன். அவன் ஒன்றை எடுத்துப் பார்த்தான். யார் என்று சொல்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வேலை முடிந்து தார்நாகாவில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் 'ஸ்டெல்லா' என்று காட்டுகிறது. அந்த நம்பரை அழிக்க எனக்கு மனசு வந்ததில்லை. காதில் வைத்தேன்.

"அக்கா, எட்வின் வீட்டுலேருந்து பேசறேன்." எட்வின்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"வத்தக்குழம்பு," என்றேன். "புளி தூக்கலா. உப்பு மட்டும் ஒரே தடவை போடு."

"ஹவ்க்கா," என்றான். "திங்கக்கிழமை எடுத்துட்டு வரேன்."